வண்டி நிக்குது

எங்கள் குடும்பத்தில் காது கேட்பதற்கு மட்டும் படைக்கப்பட்டதல்ல. வியாபாரம் பேசவும்தான்.

எங்களுடையது ஜவுளிக்கடை. கடைக்கு முதலாளி என் அக்கா. நான் அவளுக்குத் தம்பி. அதுதான் என் உத்தியோகம். மொத்த வியாபாரிகளிடம் சரக்கெடுக்கப் போனால் அவள் உட்கார்ந்து பேசுவாள். நான் அவளுடைய வலது தோளுக்குப் பின்னால் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நிற்பேன். விலை படியவில்லை என்றால் அவள் கை மெதுவாக வலது காதுக்குப் போகும். அந்தக் கணமே நான், "அக்கா, வண்டி நிக்குது" என்பேன். வாசலில் வண்டியும் இருக்காது, மாடும் இருக்காது. நாங்கள் வந்ததே நடந்துதான். ஆனாலும் அவள் எழுந்துவிடுவாள். இருவரும் வாசலை நோக்கி நடப்போம். பன்னிரண்டு அடி வைப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வரும்: "அட, நில்லுங்கம்மா! கோவிச்சுக்கிட்டா எப்படி?"

சில நேரம் அவள் கண்ணில் படாத ஓட்டை என் கண்ணில் படும். அப்போது அவள் காதுக்குக் காத்திராமல் நானே வண்டியைக் கூப்பிடலாம். இதற்கெல்லாம் விதி இரண்டு. வண்டி வந்துவிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது, எழுந்துவிட வேண்டும். நடக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. "திரும்பின கழுத்துக்கு விலை ஏறும்டா" என்பாள் அக்கா.

கடைத்தெருவில் அவளுக்குக் கஜக்கோல் என்று பெயர். நெட்டையாக, நேராக, ஓர் அங்குலம் கூடாமல் குறையாமல் இருப்பாள். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. வரன் வராமல் இல்லை, மூன்று வந்தன. துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பதுபோல மூன்றையும் பார்த்தாள். ஒருவருக்குப் பேச்சில் இழை விட்டிருந்தது. இன்னொருவர் முதல் சலவையிலேயே சாயம் போகிற ரகம். மூன்றாமவர் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல நெசவு. இன்னும் கொஞ்சம் இறங்கி வருவார் என்று அக்கா காதைத் தொட்டாள். நானும் வண்டியைக் கூப்பிட்டேன். பன்னிரண்டு அடி ஆயிற்று, இருபது ஆயிற்று, தெருமுனையே வந்துவிட்டது. வாத்தியார் கூப்பிடவில்லை. பாவம், அவர் வியாபாரியா என்ன, கூப்பிட வேண்டும் என்று தெரிவதற்கு? அது ஆகிப் பதினொரு வருஷம். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தத் தெருமுனை வரும்போது மட்டும் அவள் நடை கொஞ்சம் மெதுவாகும்.

இப்படிப்பட்டவளைக் கப்பலில் ஏற்றியது என் மனைவியின் சாமர்த்தியம். சாக்கடைக் குழாய் பதிக்க எங்கள் கடைத்தெருவை ஒரு வாரம் தோண்டப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. வந்த அன்றே என் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"கடைய ஒரு வாரம் பூட்டினா ஊரு அம்மணமாவா அலையும், அண்ணி? எல்லாரும் கப்பல்ல போயிட்டு வரலாம்."

"கப்பல்ல என்ன சரக்கு?"

"ஒரு சரக்கும் இல்ல. சும்மா உக்காந்திருந்துட்டு வரணும்."

"சும்மா உக்கார அவ்வளவு தூரம் எதுக்கு? உன் புருஷன் இங்கேயே நல்லாத்தானே செய்யறான்."

கடைசியில் அக்காவைச் சம்மதிக்க வைத்தது என் மகள். பன்னிரண்டு வயது. வீட்டில் குண்டூசி என்று கூப்பிடுவோம். ஆள் சின்னது, கவனிக்காமல் உட்கார்ந்தால் தெரியும். "அத்தை, நீ வரலன்னா நானும் வரமாட்டேன். ஒரு வாரம் முழுக்க உன்கூடக் கடையிலதான் இருப்பேன். பேசிக்கிட்டே இருப்பேன்" என்றாள். அக்கா உடனே பெட்டி கட்டினாள்.

கப்பல் என்றால் ஏதோ படகுக்கு அண்ணன் என்று நினைத்திருந்தேன். நேரில் பார்த்தால், பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்று தண்ணீரில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தது. பெட்டிகளைச் சோதித்த இடத்தில் அக்காவின் கத்தரிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அளவு நாடாவை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு உயிர்காக்கும் ஒத்திகை. ஆரஞ்சு நிறச் சட்டையை எல்லோரும் மாட்டிக்கொண்டு நின்றபோது, அக்கா பக்கத்துப் பெண்மணியின் சட்டையில் தையல் விட்டிருந்ததைக் காட்டி, கையைக் காலை ஆட்டிப் பேசி, அதை மாற்றிக் கொடுக்க வைத்தாள்.

எங்களுக்கு அடுத்தடுத்து இரண்டு அறைகள். ஒன்றில் நானும் மனைவியும், இன்னொன்றில் அக்காவும் குண்டூசியும். இரண்டுமே கப்பலின் நடுவயிற்றில், ஜன்னல் இல்லாதவை. ஆனால் சுவரில் அழகான திரைச்சீலை தொங்கியது. குண்டூசி ஆசையாக அதை இழுத்துத் திறந்தாள்.

"அத்தை, வெறும் சுவரு!"

அக்கா திரையைக் கையில் எடுத்து மடிப்பை எண்ணினாள். "ஜன்னலே இல்லாத செவுத்துக்குத் திரை வித்திருக்கான் பாரு ஒருத்தன். அவன் காலத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும்."

அன்று இரவே கடல் கொஞ்சம் ஆட்டம் காட்டியது. கடைத்தெருவையே ஆட்டி வைக்கிறவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள் காலையில் கப்பல் மருத்துவமனை நர்ஸ் சின்ன வட்டமாக ஒரு மருந்துப் பட்டையை அவளுடைய வலது காதுக்குப் பின்னால் ஒட்டி, கரை இறங்கும்வரை பட்டை இருக்க வேண்டும், மூன்றாம் நாள் வந்தால் புதிது ஒட்டுகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். வாந்தி நின்றது. வெள்ளைப் பொட்டு மாதிரி இருந்த அந்தப் பட்டை கூந்தலுக்குள் மறைந்துவிட்டது. நானும் அதை மறந்துவிட்டேன். என் அறிவுக்கு அது போதும்.

அன்று சாயங்காலம் அறையைப் பராமரிக்கும் பெண்மணி குளியல் துண்டுகளை மடித்து ஒரு யானை செய்து, குண்டூசியின் கறுப்புக் கண்ணாடியை அதற்கு மாட்டி, கட்டிலில் உட்கார வைத்திருந்தாள். குண்டூசி அலற அலற அக்கா யானையைப் பிரித்தாள். துண்டை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தாள். ஓரத்தைக் கிள்ளினாள். கன்னத்தில் வைத்தாள்.

"ஆயிரம் சலவை பாத்த துண்டு இது. புதுசு மாதிரி இருக்கு. இத வெளுக்கிறது யாரு?"

கதவடியில் தினமும் தள்ளிவிட்டுப் போகும் நிகழ்ச்சித் தாளைக் குண்டூசி படித்தாள். கப்பலின் சமையல்கூடம், சலவைக்கூடம் ஆகியவற்றைச் சுற்றிக் காட்டுவார்களாம், மறுநாள் பத்து மணிக்கு. கப்பலில் நீச்சல்குளம் மூன்று இருந்தன. அக்கா பார்க்க விரும்பியது சலவைக்கூடத்தை.

கீழே இறங்க இறங்கச் சூடு ஏறியது. ஒரு பக்கம் துண்டுகள் மலையாகக் கிடந்தன. இன்னொரு பக்கம் ஓர் இயந்திரம் படுக்கை விரிப்பை வாயில் வாங்கி, அந்தப் பக்கம் மடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. நடுவில், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். புருவத்தில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. சலவைக்கூடத்துக்கு அவர்தான் தலைவர் என்றார்கள். நாங்கள் பேசுவதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. நம்ம பாஷை!

அக்கா வணக்கம்கூடச் சொல்லவில்லை. "இவ்வளவு மெத்துனு வர என்ன ஊத்தறீங்க?"

"ஊத்தறதுக்கு மருந்து இருக்கு மேடம். ஊத்தினா மெத்துனுதான் இருக்கும், தண்ணிய உறிஞ்சாது. துண்டு தொடைக்கறதுக்கா, தடவிக் குடுக்கறதுக்கா?"

"அப்ப எப்படி?"

"கடைசி அலசல்ல கொஞ்சம் வினிகர். அப்புறம் நல்லா உதறிக் காயவிடணும். அவ்வளவுதான்."

"வினிகர் வாடை அடிக்காது?"

"மோந்து பாருங்களேன்."

அக்கா முகர்ந்து பார்த்தாள். மறுபடி முகர்ந்தாள். பிறகு பேசாமல் துண்டை மடித்து வைத்தாள். முதலில் சொன்ன விலைக்கு அவள் ஒரு சரக்கை ஒத்துக்கொண்டதை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன்.

"நீங்க ஜவுளி வியாபாரமா?" என்று கேட்டார் அவர்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இங்க வர்றவங்க எல்லாரும் மெஷினப் பாப்பாங்க. நீங்க ஓரத் தையலப் பாத்தீங்க."

திரும்பி மேலே ஏறும்போது குண்டூசி என் காதில், "அப்பா, அத்தை சிரிச்சாங்க. பல்லு தெரிஞ்சுது" என்றாள்.

அதிகாரி என்பதால் பயணிகள் தளத்துக்கு வர அவருக்கு அனுமதி உண்டு. நான்கு மணிக்கு அரைமணி நேரம் ஓய்வு. மறுநாள் நான்கு மணிக்குப் பின்தளத்துத் தேநீர் மேசையில் அவர் இருந்தார். நாங்களும் தற்செயலாக அங்கே போய்ச் சேர்ந்தோம். தற்செயலாகப் போவதற்கு அக்கா மூன்றரைக்கே தலைவாரிக்கொண்டாள். அதற்கடுத்த நாளும் அதே தற்செயல். எண்ணெய்ப் பிசுக்கு எதில் போகும், காலரில் கஞ்சி எவ்வளவு போடலாம் என்று இருவரும் பேசினார்கள். அடுத்த மேசையில் நானும் மனைவியும் பலகாரப் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தோம்.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. அவருக்கு மனைவி தவறி ஒன்பது வருஷம். பிள்ளைகள் இல்லை. முப்பது வருஷக் கடல் வேலை இந்தப் பயணத்தோடு முடிகிறது. நாங்கள் இறங்கும் அதே துறைமுகத்தில் அவரும் ஒரேயடியாக இறங்குகிறார். எங்கே போவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

"ஏங்க, கவனிச்சீங்களா?" என்றாள் என் மனைவி. "அண்ணி அவருகிட்ட இதுவரைக்கும் ஒண்ணையும் கொறச்சுக் கேக்கல."

அன்று சாப்பாட்டு மேசையில் அக்கா, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, யாரிடமோ கேட்பதுபோல், "கடைக்கு மேல மாடி சும்மாதானே கெடக்கு?" என்றாள்.

"ஆமா" என்றேன். "என்ன, கோடவுன் ஆக்கணுமா?"

மேசைக்கடியில் என் மனைவி என் காலை மிதித்தாள்.

"வெள்ளை அடிச்சா நல்லா இருக்கும்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, அக்கா இன்னொரு ரொட்டியை எடுத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினொரு வருஷத்துக்குப் பிறகு அவள் ஒன்றை வேண்டும் என்று நினைக்கிறாள். அதுவும் சொன்ன விலைக்கே.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் எழுந்து போகும்போது அவர் சொன்னார்: "நாளைக்கு உங்க தம்பியும் கூட இருக்கட்டும். ஒண்ணு கேக்கணும்."

மறுநாள் நான்கு மணி. கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. அவர் வெள்ளைக் கோட்டுக்குப் பதிலாக நீலச் சட்டை போட்டு வந்து, அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தார். எனக்கும் நாற்காலி இருந்தது. நான் அதில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். பழக்கதோஷம், போய் அக்காவின் வலது தோளுக்குப் பின்னால் நின்றேன்.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது" என்றார் அவர். "முப்பது வருஷமா தொறைமுகம் தொறைமுகமா எறங்கி ஏறியிருக்கேன். எனக்குன்னு ஒரு கரை இல்ல. உங்களக் கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசைப்படறேன். எனக்குக் கரை உண்டா, இல்லையா? அந்த ஒரு வார்த்த சொன்னா போதும்."

அக்காவின் பின்கழுத்து சிவந்தது. மூச்சை இழுத்தாள். அவளுடைய வலது கை மெதுவாக மேலெழுந்து, காதுக்குப் போயிற்று.

"அக்கா," என்றேன், "வண்டி நிக்குது."

சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் சொல்லவில்லை. இருபது வருஷமாகப் பழகிய வாய். சுற்றிலும் நானூறு மைலுக்குத் தண்ணீர். அக்கா வெடுக்கென்று எழுந்தாள். நாங்கள் நடந்தோம். ஒன்று, இரண்டு, மூன்று. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. மின்தூக்கி வந்துவிட்டது.

கதவு மூடியதும் அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "சொல்லுடா. என்னடா பாத்த அவருகிட்ட?"

"நான் என்னத்தப் பாத்தேன்? நீதானே காதத் தொட்ட!"

"அரிச்சுதுடா!" என்று கத்தினாள். "பட்டை அரிச்சுது! சொறிஞ்சேன்!"

"அப்ப நீ ஏன் எழுந்த?"

"வண்டி நிக்குதுன்னு நீதானேடா சொன்ன! ஏதோ குறையப் பாத்துட்டன்னுல்ல எழுந்தேன்!"

நான் ஓடினேன். மேசையில் தேநீர் அப்படியே இருந்தது. நாற்காலி காலி. படியிறங்கிப் போனால், பயணிகளுக்கு அனுமதி இல்லை என்று எழுதிய இரும்புக்கதவு. வரவேற்பு மேசைப் பெண்ணிடம் அவரைக் கூப்பிட வேண்டும் என்று சைகையிலும் அரைகுறைப் பாஷையிலும் கெஞ்சினேன். கடைசி நாள், கப்பல் முழுக்க விரிப்புகளை உருவிக்கொண்டிருக்கிறார்கள், சொந்த விஷயத்துக்குக் கூப்பிட முடியாது, துணி தொலைந்திருந்தால் மட்டும் எழுதிக் கொடுக்கலாம் என்றாள்.

அறைக்கு வந்தால், என் மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. அவள் என்னைப் பேசியது முழுவதையும் இங்கே எழுத முடியாது. "நடுக்கடல்ல எந்த வண்டிங்க நின்னுச்சு? சுறாமீன் ஓட்டற வண்டியா?" என்பது அதில் மரியாதையான பகுதி.

அக்கா கட்டிலில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, கப்பல்ல இருந்துகிட்டு கன்னத்துல கை வெக்காதீங்க. கேப்டன் பாத்தா பயந்துருவாரு" என்றாள் மனைவி. "எப்படியாவது அவரக் கூப்பிட்டுச் சொல்லிடலாம்."

"அவரு கூப்பிடலியே" என்றாள் அக்கா.

"அவருக்கு உங்க கூத்தெல்லாம் தெரியுமா? அவரு ஒரே விலைக் கடை அண்ணி! கூப்பிட மாட்டாரு. நீங்கதான் திரும்பிப் போகணும்."

"திரும்பினா..." என்று ஆரம்பித்த அக்கா, பின்கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

வழி கண்டுபிடித்தது குண்டூசி. அலமாரியில் தொங்கிய சலவைப் பையை எடுத்துக் கட்டிலில் போட்டாள். அதோடு ஒரு சீட்டும் இருந்தது. எந்தத் துணி, எங்கே கறை என்று எழுதுவதற்கு. "நாமதான் கீழ போக முடியாது. துணி போகலாமே? இதுல எழுதி அனுப்பு அத்தை."

அக்கா யோசித்தாள். ஆள் அனுப்புவது வேறு, கழுத்தைத் திருப்புவது வேறு என்று மனசுக்குள் சட்டம் பார்த்திருப்பாள். அரைமணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். யாருக்கும் காட்டவில்லை. காதுக்குப் பின்னால் இருந்த பட்டையைப் பிய்த்து அத்தாட்சியாகச் சீட்டில் ஒட்டி, ஒரு கைக்குட்டையோடு பையில் போட்டாள். அறைப் பெண்மணி வாங்கிக்கொண்டு உதட்டைப் பிதுக்கினாள். சலவை நேரம் முடிந்துவிட்டதாம்; கீழே சேர்ப்பேன், யாராவது பிரிப்பார்களா என்பது தெரியாது என்று கையை விரித்தாள்.

பெரிய பெட்டிகளை அன்று சாயங்காலமே நடைவழியில் வைத்துவிட வேண்டும். அவர்களே கரையில் இறக்கி வைப்பார்கள். இருந்த கலவரத்தில் என் கால்சட்டைகள் எல்லாவற்றையும் நான் பெட்டியில் போட்டுப் பூட்டி அனுப்பிவிட்டேன். மிஞ்சியது ஒரு பூப்போட்ட அரைக்கால்சட்டை.

காலையில் கப்பல் கரை தட்டி நின்றது. பதில் எதுவும் வரவில்லை. இறங்கும் வரிசைக்காக நிறம் நிறமாகச் சீட்டு கொடுத்திருந்தார்கள்; எட்டு மணிக்கு எங்கள் நிறத்தைக் கூப்பிட்டார்கள். அக்கா அறையில் காலை ஆறு மணியிலிருந்தே கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் என்று குண்டூசி சொன்னாள். இறங்கினோம். பெட்டிகளைத் தேடி எடுத்தோம். கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்கா அதை வாங்கிப் பார்க்காமலேயே பைக்குள் போட்டாள். பயணிகளை ஏற்றிப்போகும் பேருந்து ஒன்று இரைந்துகொண்டு நின்றது.

"அத்தை! அங்க பாரு!" என்றாள் குண்டூசி.

கப்பலின் பின்பக்கம், பணியாளர்கள் இறங்கும் சின்னப் பாலத்தில் அவர் வந்துகொண்டிருந்தார். கையில் ஒரே ஒரு பழைய பெட்டி. தரையில் கால் வைத்ததும் எங்களைப் பார்த்தார். தலையை லேசாகச் சாய்த்தார், விடைபெறுகிற மாதிரி. பிறகு முதுகைக் காட்டி, எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு. எங்கள் வாழ்நாளில் நாங்கள்தான் நடந்திருக்கிறோம். ஒருவர் நடக்க நாங்கள் நின்று பார்த்தது அதுதான் முதல்முறை. ஐந்து, ஆறு. அக்கா அசையவில்லை. கடையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்தப் பன்னிரண்டு அடி எவ்வளவு நீளம் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. எட்டு, ஒன்பது. பேருந்து ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். எல்லோரும் ஏறியாயிற்று, நாங்கள்தான் பாக்கி.

"அக்கா," என்றேன் பயந்து பயந்து. "நெஜமாவே வண்டி நிக்குது."

"நிக்கட்டும்டா!" என்றாள் அக்கா.

பேருந்துக்கு முதுகைத் திருப்பினாள். கழுத்தோடு, உடம்போடு, முழுசாகத் திரும்பினாள். ஊரே கேட்கிற குரலில் கத்தினாள்:

"இந்தாங்க! நில்லுங்க! கோவிச்சுக்கிட்டா எப்படி?"

அவர் நின்றார். பன்னிரண்டாவது அடியில் ஒரு கால் தூக்கியபடி நின்றார் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். மனைவி பதினாலு என்கிறாள்.

அக்காதான் அவரிடம் போனாள். பின்னாலேயே நாங்களும் ஓடினோம், நான் அரைக்கால்சட்டையில்.

"சீட்டு கெடச்சுதா?" என்றாள் அக்கா, மூச்சு வாங்க.

"கெடச்சுது." அவர் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார். நாலாக மடித்து வைத்திருந்தார். "காலைல அஞ்சு மணிக்குப் படிச்சேன். அதான் உங்கள மறுபடி தொந்தரவு பண்ண வேண்டாம்னு..."

"தெளிவா எழுதியிருந்தேனே!"

"தெளிவாத்தான் இருக்கு. காது அரிச்சுதுன்னதுதான் புரியல. மத்தது புரிஞ்சுது."

குண்டூசி எட்டி அந்தச் சீட்டைப் பிடுங்கி உரக்கப் படித்தாள். "'உங்களிடம் நான் ஒன்றும் பார்க்கவில்லை. கரை இல்லவே இல்லை. காது அரித்தது.' அய்யோ அத்தை! கறைக்குப் பெரிய ற போடணும்! நீ சின்ன ர போட்டிருக்க!"

அக்கா சீட்டை வாங்கி உற்றுப் பார்த்தாள். நீலக் கரை, பச்சைக் கரை, அகலக் கரை என்று முப்பது வருஷமாக ஒவ்வொரு துணிக்கட்டின் மேலும் அவள் கையாலேயே சீட்டு எழுதி வருகிறாள். கறை பட்ட துணியை அவள் வாசற்படி ஏற்றுவதே இல்லை. அந்த எழுத்து அவள் கைக்கு எப்படி வரும்?

"கறை இல்லன்னு எழுதினேங்க" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "உங்ககிட்ட ஒரு குறையும் நான் பாக்கல. பட்டை அரிச்சுது, சொறிஞ்சேன். இந்த மடையன் வண்டியக் கூப்பிட்டுட்டான்."

"எந்த வண்டிய?" என்றார் அவர்.

காது, வண்டி, பன்னிரண்டு அடி எல்லாவற்றையும் நான் விளக்கினேன். பூப்போட்ட அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு வியாபார ரகசியம் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். மீசை துடித்தது. கடைசியில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அப்ப நான் கேட்டதுக்கு?"

"எந்தத் துணிக்கும் கரை இருந்தாத்தான் அழகு" என்றாள் அக்கா. "மாடிக்கு வெள்ளை அடிக்கணும். சரி."

"விலை கொறைக்கலியா?"

"ஒரே விலைக் கடையில யாராவது கேப்பாங்களா?" பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சட்டை ஏன் இப்படிக் கசங்கிக் கெடக்கு? ஒரு கப்பலுக்கே இஸ்திரி போட்டவரு!"

"ராத்திரி முழுக்கத் தூங்கல. அதோடயே எழுந்து வந்துட்டேன்."

அக்காவின் கை மெல்ல மேலே எழுந்து வலது காதுக்குப் போயிற்று. பட்டை போன இடத்தில் இன்னும் அரிப்பு இருந்திருக்கும். என் மனைவி பாய்ந்து என் வாயைப் பொத்தினாள்.

பின்னால் பேருந்து புறப்பட்டு, எங்களைத் தாண்டி, துறைமுக வாசலில் திரும்பி மறைந்தது. குண்டூசி அவருடைய பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நேற்றுவரை லாண்டரி அங்கிள் என்று கூப்பிட்டவள்.

"மாமா, அடுத்த வண்டி எப்ப வரும்?"

"எது," என்றார் அவர், என்னைப் பார்த்துக்கொண்டே, "நெஜ வண்டியா, உங்கப்பா வண்டியா?"